மூன்றாம் பக்கத்து வாழ்த்துரை

சொந்தமாக நூல் வெளியிடும் எழுத்தாளர்களுக்கென்று பினாங்கில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கும் மூட்டுவலி வைத்தியத்துக்கும் நடுவே எப்போதாவது இலக்கியமும் வரும். போன மாதம் அதில் ஒரு வேண்டுகோள் வந்தது. "ஜமால் அண்ணன் தொழிலை விட்டுவிட்டார். போவதற்குள் புதியவர்களுக்கு உதவும்படி பத்துக் குறிப்புகள் எழுதித் தர வேண்டும்." போவதற்குள் என்றால் எங்கே போவதற்குள் என்று எனக்குத் திக்கென்றது. ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் குறிப்பு சுலபமாக வந்தது: எழுத்தாளர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள். இரண்டாவது வரவில்லை. முதல் குறிப்பை இவ்வளவு அழுத்திச் சொல்கிறாயே, அதை மீறியவன் யார் என்று குழுவில் எவராவது கேட்டுவிட்டால்? பேனாவை மூடிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எழுதியது இது. இதில் குறிப்பு ஏதும் தேறினால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை புத்தகம் கட்டுவது. எழுதுவதில்லை. யாராவது எழுதிக்கொண்டு வந்தால், அதைப் பக்கமாக்கி, அட்டை போட்டு, நூல் எண் வாங்கி, அச்சடித்து, பெட்டியில் அடுக்கி, வீட்டில் கொண்டுபோய் இறக்குவது. இதற்கான படிப்பு ஆறு மாதக் கணினி வகுப்பும் இரண்டு வருடக் கல்யாணப் பத்திரிகையும்தான். கல்யாணப் பத்திரிகையில் கற்றுக்கொண்டது, மணமகன் பெயரை மாற்றிப் போட்டுவிட்டால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்பது. பிறகு மிஸ் லிம்மின் அச்சகத்தில் பதினொரு வருடம்.

அச்சகம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. மிஸ் லிம் சீனர், முதலாளி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் எல்லோருக்கும் மிஸ். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். பக்கங்களை அவரிடம் கொண்டுபோனால் முதலில் தலைகீழாகத் திருப்புவார். எஃகு அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து மேலிருந்து கீழே நகர்த்துவார். ஓரிடத்தில் நிறுத்தி நகத்தால் தட்டுவார். நான் நேராகத் திருப்பிப் பார்த்தால், அங்கே இரண்டு சொல்லுக்கு நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கும்.

"நேராப் பிடிச்சா நீ எழுத்தத்தான் பாப்ப," என்பார். "நான் ஓட்டையப் பாக்குறேன்."

பாராட்டு என்று ஒன்று அவரிடம் இருந்ததாக நினைவில்லை. திட்டும்போதும் குரல் உயராது. அளவுகோலை மேசையில் வைக்கும் சத்தத்தை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்து, கட்டை விரல் நகத்தால் தேய்த்து, பதினாறு பக்கத்துக்கும் பென்சிலால் எண் போட்டு, எந்தப் பக்கத்துக்குப் பின்னால் எது வருகிறது என்று காட்டச் சொல்வார். எழுத்தாளர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மொத்தமாக ஒன்று போட்டால் செல்லாது.

எல்லாம் முடிந்து இயந்திரத்தில் தகடு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"ஜமால், செரித்தா அப்பா?"

மலாயில், என்ன கதை என்று அர்த்தம். மூன்று வாக்கியத்தில் நான் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இயந்திரம் ஓடும். கட்டுரைத் தொகுப்பு, சமையல் குறிப்பு, எதுவானாலும் கதை வேண்டும். ஒருமுறை ஒரு கவிதைத் தொகுப்புக்கு, "ஒருத்தர் நிலாவைப் பாக்குறாரு மிஸ். அழுறாரு," என்றேன்.

"அறுபத்து நாலு பக்கமா?"

"ஆமா மிஸ்."

"பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இலக்கிய ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். எப்போதோ யாருடைய துண்டறிக்கையையோ என்னவென்று தெரியாமல் அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு பகல் முழுக்கப் போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அந்தப் பயம்தான் அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் அவருடைய பயத்தின் புண்ணியத்தில் நான் பதினொரு வருடம் கைக்கு வந்த எல்லாப் புத்தகங்களையும் படித்தேன்.

தனியாகத் தொழில் தொடங்கியதும் முதலில் விட்டது அதைத்தான்.

மாடியில் ஓர் அறை, ஒரு கணினி. கோப்பை மின்னஞ்சலில் மிஸ் லிம்முக்கு அனுப்பினால் நான்காம் நாள் பெட்டி வரும். முகத்தைப் பார்த்துக் கதை கேட்க ஆளில்லை. எழுத்தாளரின் கையெழுத்துக்குப் பதில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டை விரல் வரும். மாதத்துக்கு மூன்று நான்கு புத்தகம். எழுத்தைப் பக்கமாகப் பார்ப்பேன்; படிக்க மாட்டேன். எந்த வரி தொங்குகிறது, எந்தப் பத்தி முறிகிறது என்பதெல்லாம் தெரியும். என்ன சொல்கிறது என்பது எழுத்தாளருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ள விவகாரம்.

நான் எழுதியதும் உண்டு. வாழ்த்துரைகள். நம் ஊரில் ஒரு நூல் வெளிவர வேண்டுமானால் முன்பக்கத்தில் அரசுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோவோ, ஒரு தலைவரோ கோட்டுப் போட்டுச் சிரித்தாக வேண்டும். அவர்களிடம் கேட்டால் ஒரே பதில்: "நீங்களே எழுதி அனுப்பிடுங்க, பாத்துக்கிறோம்." அதனால் கணினியில் ஏழு வாழ்த்துரைகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றாம் எண் கவிஞருக்கு, இரண்டாம் எண் ஆசிரியருக்கு, மூன்றாம் எண் பெண்களுக்கு, இப்படி. பெயரை மாற்றினால் போதும். எல்லாவற்றிலும் "இந்நூலை வரி விடாமல் படித்து மகிழ்ந்தேன்" என்ற வரி இருக்கும். அது இல்லாவிட்டால் எழுத்தாளர்கள் வருத்தப்படுவார்கள்.

ஒருமுறை ஒரே மேடையில் இரண்டு ஆசிரியர்களின் நூல் வெளியீடு. இரண்டும் என் கைவேலை. அறிவிப்பாளர் ஆர்வக்கோளாறில் இரண்டு வாழ்த்துரைகளையும் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவதில் மூன்றாம் வரியைத் தொட்டபோது கூட்டத்தில் யாரோ அடுத்த வரியை முன்கூட்டியே சொன்னார்கள். நான் மயங்கி விழுவது என்று முடிவுசெய்து, விழ வசதியான இடம் தேடி, கிடைக்காமல் சமையலறை வழியாக வெளியேறி, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் திருந்தினேன். ஏழு வாழ்த்துரையை ஒன்பதாக்கினேன்.

சிரிக்க வைப்பது இதோடு முடிகிறது. முடியாவிட்டாலும் நான் பொறுப்பில்லை.

தனலெட்சுமி அக்காள் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், பாகான் டாலாம் அடுக்குமாடியில் இருப்பவர். தீவுப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்சுற்று அட்டைகளை வைத்துக் குறை தேடும் வேலை. கம்பெனி பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய்வரும்போதெல்லாம் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதியதை ஒரு நாள் எனக்கு அனுப்பினார். இறந்துபோன கணவரைப் பற்றியது. 'மாணிக்கத்தின் தொப்பி' என்று தலைப்பு.

நேரில் பேச வந்தபோது நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"வாழ்த்துரை யார்கிட்டக்கா வாங்கலாம்?"

"எதுக்கு தம்பி? இத யாரு வாழ்த்தணும்?"

"இல்லக்கா, வழக்கம். ஒரு பெரிய மனுசன் படம் இருந்தா பொஸ்தகத்துக்கு ஒரு இது."

"அந்த இது எனக்கு வேணாம். மொதல்ல ஒரு வரி இருக்கு பாருங்க, அது மட்டும் தனியா நிக்கட்டும். பின்னால எதையும் போட்ராதீங்க."

அந்த வரி சமர்ப்பணம். "என் மாணிக்கத்துக்கு. தொப்பி போட்டிருந்தார்." ஏதோ கல்யாணப் புகைப்படத்தின் நினைவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் வைத்தேன். நான்காம் பக்கம் வெறுமை. ஐந்தில் கதை தொடங்கி நூற்று இருபத்தெட்டில் முடிந்தது. சரியாக எட்டு மடிப்பு, மடிப்புக்குப் பதினாறு பக்கம். அறுபத்தோராம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு சொல் தனி வரியாகத் தொங்கியது. இடைவெளிகளைச் சற்று இறுக்கி மேலே ஏற்றினேன். எனக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சொல் என்ன என்று பார்க்கவில்லை.

அக்காள் எல்லாப் பக்கங்களையும் பார்த்தார். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மகளின் அலுவலகத்தில் அச்செடுத்து, நான் கேட்காமலே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தொழிற்சாலைப் பழக்கம். மிஸ் லிம் பார்த்திருந்தால் மகளாகத் தத்தெடுத்திருப்பார்.

அப்புறம்தான் மண்டபப் பிரச்சினை வந்தது. பட்டர்வொர்த்தில் அக்காள் ஆசைப்பட்ட மண்டபம் ஒரு சங்கத்தினுடையது. சங்கத்தின் புரவலர் ஒரு டத்தோ. பெயரை எழுத மாட்டேன். காரணம் பின்னால் தெரியும், தெரிந்தபின் என்னை மதிக்கவும் மாட்டீர்கள். மண்டபத்துக்காக அவருடைய உதவியாளர் சுரேஷைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஃபுல்லுண்ணே," என்றார். "டத்தோ வாழ்த்துரை உள்ள பொஸ்தகம்னா நான் பேசிப் பாக்கலாம் லா."

வாழ்த்துரை வேண்டாம் என்று முதலில் சொல்லாத எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. வந்த பிறகு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்க்காதவரையும் பார்த்ததில்லை. அக்காளுக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமே என்று மூன்றாம் எண் வாழ்த்துரையை எடுத்தேன். "இல்லறச் சுமைகளுக்கிடையே எழுதுகோல் ஏந்திய" என்று தொடங்குவது. சுரேஷுக்கு அனுப்பினேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: "டத்தோ படிச்சிட்டாரு. ஓகே. கையெழுத்துதான் உங்ககிட்ட இருக்கே, போட்டுக்குங்க." இருந்தது. முந்தைய புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டினேன்.

வைக்க இடம் வேண்டுமே. இரண்டு பக்கம் கூட்டினால் இன்னொரு மடிப்பு. நான்காம் பக்கம்தான் சும்மா கிடந்தது. வாழ்த்துரை மரியாதைக்குரியது, வலப்பக்கம் வர வேண்டும். ஆகவே டத்தோ மூன்றாம் பக்கத்தில் ஏறினார். அக்காளின் ஒரு வரி அவர் முதுகுக்குப் பின்னால், நான்காம் பக்கத்துக்குப் போனது.

வியாழக்கிழமை காலை வழக்கப்படி டத்தோவின் அலுவலகத்தில் இரண்டு பிரதிகளைக் கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு பாகான் டாலாம் போனேன். அக்காள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து முதல் பெட்டியைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். மூலைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் திறந்தார்.

"இது யாரு தம்பி?"

"டத்தோக்கா! மண்டபமே அவரோடதுதான். எவ்ளோ பாடுபட்டு வாங்குனேன் தெரியுமா?"

அக்காள் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"அறுபத்தொண்ணாம் பக்கம் வாசிங்க. வாய்விட்டு வாசிங்க."

வாசித்தேன். வேலை செய்த கட்டடத்தின் ஏழாம் மாடியிலிருந்து மாணிக்கம் விழுந்த நாள் அது. ஆஸ்பத்திரியில் அவருடைய தாடைக்குக் கீழே தலைக்கவசத்தின் நாடா பதிந்திருந்த தடத்தை அக்காள் விரலால் தொட்டிருக்கிறார். அவர் கவசம் போடவில்லை, கவனக்குறைவால் செத்தார் என்று கட்டடக் குத்தகைக்காரர் விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் குத்தகைக்காரரின் பெயர்தான், நான் இடைவெளியை இறுக்கி மேலே ஏற்றிய அந்தச் சொல். டத்தோ ஆவதற்கு முன்பிருந்த பெயர். நான் எழுதப் பயப்படும் பெயரை அக்காள் முழுசாக எழுதியிருந்தார்.

"ஸ்டிக்கர் ஒட்டிடலாங்க்கா," என்றேன். "வெள்ள ஸ்டிக்கர். இல்ல, அந்தத் தாளயே வெட்டிடலாம், அரை நாள்ல வெட்டிடலாம், நானே வெட்றேன்," என்று தாளைத் தூக்கிப் பிடித்தேன். பின்பக்கத்தில் மாணிக்கத்துக்கான வரி இருந்தது. தாளைத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வராந்தாவுக்குப் போய் மிஸ் லிம்மைக் கூப்பிட்டேன். திரும்ப அடிக்க முடியுமா?

"திங்கட்கெழமைக்கு முன்னாடி முடியாது. பள்ளிப் பயிற்சி நூல் ஓடுது. எதுக்கு?"

சொன்னேன். மூன்று வாக்கியம்தான் ஆனது. மறுமுனையில் அளவுகோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் கதைய நீ எங்கிட்டச் சொல்லலையே," என்றார்.

உள்ளே வந்தபோது அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாழ்த்துரையை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரி விடாமப் படிச்சி மகிழ்ந்தேன்னு போட்டுருக்கே. படிச்சாரா?"

நான் பெட்டியின் ஒட்டுப்பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுனது யாரு தம்பி?"

"நாந்தாங்க்கா."

"கையெழுத்து?"

"அவரோடதுதான். சுரேஷ் போடச் சொன்னாரு." சுரேஷின் செய்தியைக் காட்டினேன். அக்காள் கைப்பேசியை வாங்கி, அருகே வைத்து, தள்ளி வைத்து, இரண்டு முறை படித்தார்.

"இத்தன வருசமா ஒரு கையெழுத்துக்காகத்தான் நடந்தேன். அவரு தொப்பி போட்டுருந்தாருன்னு ஒரே ஒரு வரில ஒரு கையெழுத்து. ஆபீசு வாசல்லயே நிப்பாட்டி அனுப்பிடுவாங்க." கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இப்ப எல்லா வரியும் படிச்சேன், மகிழ்ந்தேன்னு அவரே கையெழுத்துப் போட்டுருக்காரு. அறுபத்தொண்ணும் சேத்துத்தான. இருக்கட்டும். ஒண்ணும் வெட்ட வேணாம்."

"அக்கா, அது பிரச்சின..."

"எனக்கா, உங்களுக்கா?"

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அந்த மெசேஜ மட்டும் பத்திரமா வெச்சிக்குங்க தம்பி. அது ஒண்ணுதான் இருக்கு."

படகில் திரும்பும்போது எனக்குக்கூட நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் முறையாக என் வாழ்த்துரை ஒன்று எதற்கோ உதவியது. அந்த வீரம் மறுநாள் மதியம் வரை இருந்தது.

டத்தோவின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் புத்தகம் படிக்கிறவராக இருந்திருக்கிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நாசி கண்டார் கடையில் தட்டோடு உட்கார்ந்தபோது எதிரே சுரேஷ் வந்து அமர்ந்தார். நல்ல பிள்ளை. குரலில் ஒரு கடுமை கிடையாது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"சாப்பிடுங்கண்ணே, சாப்பிடுங்க. ஒண்ணும் அவசரமில்ல. டத்தோதான் கொஞ்சம் சூடா இருக்காரு."

"படிச்சிட்டேன்னு நீங்கதானப்பா..."

"நான் எதச் சொன்னேன்? அத விடுங்கண்ணே. கையெழுத்த வெட்டி ஒட்டுனது யாரு? நீங்க. லாயர் என்ன சொல்றாரு தெரியுமா? போலிக் கையெழுத்துன்னா அது போலீஸ் கேஸ் லா. பெரிய பையன் யூனிவர்சிட்டிலதான? வீட்டுக்குப் போலீஸ் வந்தா நல்லாவா இருக்கும்?"

நான் பக்கத்து மேசைக்காரருடைய தேத்தாரிக் டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். மீன் தலையின் கண் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது, திருப்பி வைத்தேன். இதையெல்லாம் இப்போது வேடிக்கையாக எழுதுகிறேன். அப்போதும் எனக்குள் ஒருவன் இதை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் எந்தப் பயனும் இல்லை.

உறையிலிருந்து நான் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துரையை நானே எழுதினேன், கையெழுத்தை நானே ஒட்டினேன், டத்தோ அந்நூலைப் படிக்கவில்லை. மூன்று வாக்கியம். ஒரு பொய்கூட இல்லை. ஆயுளில் என் பெயரில் வெளிவந்ததிலேயே உண்மையான எழுத்து அதுதான். சுரேஷின் செய்தியைப் பற்றி மட்டும் அதில் இல்லை.

"அந்த மெசேஜும் வேணாண்ணே. நான் எம்பக்கம் அழிச்சிட்டேன்."

வலது கை முழுக்கக் குழம்பு. கை கழுவப் போனேன். கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே பின்வாசல், அதற்கு அப்பால் சந்து. ஓடுவதில் என்னைவிட அனுபவசாலி இந்த ஊரில் இல்லை. அன்று ஒரு நாள் ஓடியிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். கைப்பேசியை எடுத்து, அவர் பார்க்க, அந்தச் செய்தியை அழித்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்கிறீர்கள்? இரண்டு முறை தொட வேண்டும்.

அக்காளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பையன், போலீஸ், லாயர், இரத்த அழுத்தம் எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மெசேஜ்?"

"அதுவும்தாங்க்கா."

பின்னால் ஓடிய தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"அப்ப மூணாம் பக்கம் பொய்யின்னு ஆயிடுச்சு," என்றார். "ஒரு பக்கம் பொய்யின்னா எல்லாப் பக்கமும் பொய்யின்னு சொல்லிடுவாங்க தம்பி. வெட்டித்தான் ஆகணும்."

"நான் வந்து வெட்றேங்க்கா."

"வேணாம்."

மண்டபம் இல்லையென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களும் பழைய தொழிற்சாலைத் தோழிகளும் கூடி நூலை வெளியிட்டார்களாம். நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல், வெப்பமானியில் தெரியாத வகை. மண்டபத்தில் பேசியிருந்தால் பத்திரிகையில் வந்திருக்கும். கீழ்த்தளத்தில் நடந்தது எதிலும் வரவில்லை. டத்தோவுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அந்த நிம்மதி அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. என் வாய் மூடியே இருக்கட்டும் என்று சங்கத்தின் அடுத்த மூன்று நூல் வேலைகளை எனக்கே அனுப்பினார். முதல் கோப்பைத் திறந்தேன். பக்கம் பார்க்க உட்கார்ந்தால், எந்தச் சொல் எந்தப் பெயரோ என்று ஒவ்வொரு வரியிலும் கண் நின்றது. நாள் ஒன்றுக்கு நான்கு பக்கம்கூட நகரவில்லை. மூன்று கோப்புகளையும் திருப்பி அனுப்பிவிட்டுக் கணினியை விற்றேன். இதைத்தான் குழுவில் ஓய்வு என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்காள் படகேறி வந்தார். மாடிப்படியின் அடியில் நின்றே கூப்பிட்டார். இறங்கிப் போனேன். பழைய நாளிதழில் சுற்றிய ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்.

"செஞ்சவங்களுக்கு ஒண்ணு குடுக்கணும்ல."

"மேல வாங்கக்கா, தண்ணி குடிச்சிட்டு..."

"இல்ல தம்பி. படகுக்கு நேரமாச்சு." அடுத்த படகுக்கு நிறைய நேரம் இருந்தது. இருவருக்கும் தெரியும்.

அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். சில நாளில் குழுவில் ஒருவர் புகைப்படம் போட்டிருந்தார். 'மாணிக்கத்தின் தொப்பி'யின் முதல் பக்கம். தலைப்புக்குக் கீழே நீல மசியில், தொழிற்சாலைப் படிவம் நிரப்பும் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில், "என் மாணிக்கத்துக்கு. தொப்பி போட்டிருந்தார்." அதன் கீழே இன்னொருவர் தன் பிரதியைப் போட்டார். பிறகு இன்னொருவர். முந்நூறு பிரதியிலும் அம்மையார் கையாலேயே எழுதியிருக்கிறார் என்று வியந்து கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. ஏன் எழுத வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அலமாரியிலிருந்து எடுத்து நாளிதழைப் பிரித்தேன். திறந்தேன். மூன்றாம் பக்கத் தாள் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய ஓரம் மட்டும் மிஞ்சியிருக்க, மேலிருந்து கீழ்வரை ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருந்தது. முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குறை தேடியவர் அவர். எதையும் விட்டுவிட மாட்டார்.